பெரியப்பா சைக்கிளுக்கு ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், வேலையை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" வேலை முடிந்துவிட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி! ஆறு மாதம் பார்த்த வேலை அது. செயின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, சக்கரம் கோட்டம் இல்லாமல் சுற்றுகிறது, டைனமோவை டயரில் சாய்த்தால் விளக்கு எரிகிறது. பெயிண்ட் மட்டும் அடிக்கவில்லை. அங்கங்கே உரிந்து, கறுப்பு மங்கி, கேரியரில் சாக்கு உராய்ந்த தடத்தோடு அப்படியே நிற்கிறது.

என் மைத்துனர் மகன் போனில் சண்டைக்கே வந்துவிட்டான். "மாமா, இவ்வளவு செலவு பண்ணிட்டு கடைசி வேலைய விட்டுட்டீங்களே. பவுடர் கோட்டிங் அடிச்சு, மட்கார்டுக்கு முலாம் போட்டா என்ன விலைக்குப் போகும் தெரியுமா?" என்றான். கொடைக்கானலில் தங்கும் விடுதி நடத்துகிற ஒருவர், அந்தப் படத்தை யார் வழியாகவோ பார்த்து, வாசலில் நிறுத்திப் பூத்தொட்டி வைக்க வண்டியைக் கேட்டார். நல்ல தொகைதான் சொன்னார். எங்கள் வீட்டம்மாவே ஒரு நிமிடம் யோசித்தார்.

ஏன் கொடுக்கவில்லை, ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என் விரலுக்குத் தெம்பில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பாடம் நீளமாகப் போனால் ஜன்னல் வழியே பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

முதலில் வண்டி யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டம்மாவின் பெரியப்பா காரைக்காலைச் சேர்ந்தவர். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தார். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் 'சொல்தா வீடு' என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊர் இந்திய அரசின் கைக்கு வந்தபோது அவர் பிரெஞ்சுச் சீருடையில் எங்கோ இருந்தார். 1962இல் சட்டப்படி ஒப்படைப்பும் முடிந்தது. அதற்குச் சில வருஷம் கழித்து ஓய்வு பெற்று, கப்பலில் ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த சைக்கிளுமாக வந்து இறங்கினார் என்று எங்கள் மாமனார் சொல்வார். காரைக்காலில் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்தார். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின், கடைசிக் காலத்தில் பேத்தி, எல்லாம் ஏறியது இந்தக் கேரியரில்தான். 2009இல் காலமானார். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். வீட்டை விற்கும்போது, "சைக்கிள் யாருக்காவது வேணுமா?" என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிப் போன நம்ம ஊர் வண்டி ஒன்று திரும்பும்போது வத்தலக்குண்டில் காத்திருந்து அதை ஏற்றிக்கொண்டேன். மன்னவனூர் தாண்டியதும் மழை. கவுஞ்சியில் இறக்கும்போது சைக்கிள், சாக்கு, நான் மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தோம்.

கழுவிப் பார்த்தால் தலைக்குழாயில் ஒரு சின்னம். பறக்கிற குருவி. கம்பெனி முத்திரை பிரெஞ்சில் 'இரோந்தெல்'. தகைவிலான் குருவிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். நம் மலையிலும் மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே இனம்தான். செய்த இடம் சேந்த் எத்தியேன் என்கிற ஊர். துப்பாக்கி, சைக்கிள், தையல் இயந்திரம், தூண்டில் எல்லாவற்றையும் தடிமனான விலைப்பட்டியல் புத்தகம் அச்சடித்துத் தபாலில் விற்ற பெரிய கம்பெனி அங்கே 1885இல் தொடங்கப்பட்டது. சுரங்கமும் இரும்புத் தொழிலும் உள்ள ஊர், சுற்றிலும் மலை. இந்த மலை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

வேலையில் கைவைத்தபோதுதான் தெரிந்தது, சைக்கிளுக்கும் தாய்மொழி உண்டு என்று. நம் நாட்டு சைக்கிள் எல்லாம் இங்கிலீஷ்காரன் அளவு. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியதே பர்மிங்காம் கம்பெனியோடு சேர்ந்துதான். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் பிலிப்ஸும் அந்த வம்சம். அதனால் நம் மெக்கானிக் கையில் இருக்கும் ஸ்பேனரிலிருந்து அவர் மனதில் இருக்கும் பழக்கம் வரை எல்லாமே இங்கிலீஷ் மரை. பிரெஞ்சுக்காரன் மரை வேறு.

வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருக்கிறான் என் பழைய மாணவன் ஒருவன். பெயர் போட வேண்டாம் என்றான். ஐந்தாம் வகுப்போடு மலையிறங்கிப் போனவன், பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரு நாளும் முழுதாகச் சொன்னதில்லை. இன்று மரையில் மயிரிழை வித்தியாசத்தை விரல் நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கிறான். அவனிடம் கொண்டுபோனேன். மிதிகட்டை அச்சு உட்காரும் இடத்தில் வலப்பக்கம் ஒரு கப் இருக்குமே, பட்டறையில் பி.பி. கப் என்பார்கள், அது கழலவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டான். நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுத்தான். அசையவில்லை. "சார், துரு பிடிச்சு ஒண்ணாகிடுச்சு, வெல்டிங் வைச்சுத்தான் எடுக்கணும்" என்றான்.

நான் அன்று ராத்திரி என் பேரன் உதவியோடு செல்போனில் தேடிப் படித்தேன். நம் சைக்கிளில் அந்த வலப்பக்க கப்புக்கு இடது மரை. அதாவது கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக இங்கிலீஷ்காரன் செய்த ஏற்பாடு. பிரெஞ்சுக்காரன் பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான், 35 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஆக, இரண்டு நாளாக நாங்கள் அதைக் கழற்றவில்லை. இறுக்கிக்கொண்டிருந்தோம்!

காலையில் போய் மறுபக்கம் திருப்பச் சொன்னேன். ஒரே மூச்சில் 'கிரீச்' என்று இளகியது. பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார், வெல்டிங் வைச்சிருந்தா?" என்றான். வைத்திருந்தால் அந்தக் கூடு போயிருக்கும். ஐம்பது அறுபது வருஷம் மூட்டை சுமந்து கெடாத இரும்பு, கெடுதல் நினைக்காத இரண்டு பேர் கையில் ஒரு மணி நேரத்தில் போயிருக்கும்.

பெடலிலும் அதே கதை. நம் பெடலின் மரை ஒன்பதில் பதினாறு பங்கு அங்குலம், அதாவது 14.29 மில்லிமீட்டர். அவர்களுடையது 14. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு பிடிக்கும். அங்கே பலத்தைக் காட்டினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். புது பெடல் போடும் ஆசையை விட்டுவிட்டு, பழைய பெடலையே பிரித்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, தேய்ந்த ரப்பர் கட்டைக்குப் பதில் பழைய லாரி டயரை வெட்டிப் பொருத்தினோம். காட்டர் பின்னும் நம் கடையில் கிடைப்பது தடிமன். அதை அரத்தால் ராவி ராவி ஒல்லியாக்கினான். ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்தது. இன்னொரு பக்கம் சுமார்தான், ஒளிக்கவில்லை.

டயருக்கு மட்டும் அதிர்ஷ்டம். பழைய டயரின் பக்கத்தில் 650 பி என்று எழுதியிருந்தது. கடைக்காரர்கள் எல்லாரும் கையை விரித்தார்கள். நம் 28 அங்குல டயர் பெரியது, 26 அங்குலம் என்று விற்பவை எதுவும் உட்காரவில்லை. கடைசியில் பேரனின் கியர் சைக்கிள் டயரைத் தற்செயலாகப் புரட்டினேன். 27.5 என்று பெரிதாகவும், ஓரத்தில் சின்ன எழுத்தில் 584 என்றும் இருந்தது. ரிம்மில் டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம் 584 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 650 பி ரிம்முக்கும் அதே 584! இன்றைக்குப் பிள்ளைகள் புது மாடல் என்று ஆசையாக வாங்குகிற அளவு, இந்தக் கிழவனின் அளவு. மலைச் சைக்கிளின் தடித்த டயர் மட்கார்டில் இடிக்கும் என்பதால் ஒல்லியான டயராகத் தேடி வாங்கினோம்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பழமைப் பைத்தியம் பிடித்து எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன் என்று சிலர் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, பிரேக் ஒயர், பால்ரஸ் எல்லாம் புதுசு. உயிர் போகிற விஷயத்தில் பழமை பார்க்கக் கூடாது. மட்கார்டின் அடிப்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறேன், குழாய்களுக்குள் எண்ணெய் விட்டிருக்கிறேன். ஏனென்றால் நம் ஊர் மூடுபனி இரும்பைச் சும்மா விடாது. வெளித்துருவைத் தேய்த்து நிறுத்தி, மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். துடைக்கிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது?

ஆக, ஓடுவதற்குத் தேவையானதைச் செய்தேன். பார்வைக்குத் தேவையானதைச் செய்யவில்லை. ஏன் என்பதற்கு என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை பிள்ளைகள் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் அப்பா வத்தலக்குண்டில் ஒரு வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதினார். கொடிக்கால் கொடிக்காலாகப் போய்வர ஒரு ஹெர்குலிஸ் வைத்திருந்தார். கம்பி பிரேக், முழு செயின் கவர். அந்தக் காலத்தில் போர்டு எழுதுகிற பெயின்டரிடம் கொடுத்து செயின் கவரில் பெயர் எழுதிக்கொள்வார்கள். அப்பாவும் எழுதியிருந்தார். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். மேலே 'முருகன் துணை', கீழே தன் பெயரும் ஊரும். இரவில் விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடும் காலம். பஞ்சாயத்தில் சைக்கிள் லைசென்ஸுக்குப் பணம் கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டிய காலம். பெயர் எழுதிய சைக்கிள் என்றால் ஒரு மதிப்பு.

1986இல் அப்பா போய்விட்டார். நான் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கையில் சம்பளப் பணம். அப்பா வண்டியை அழகாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், ஒரு பட்டறையில் கொடுத்துச் சுத்தமாகச் சுரண்டி, பிரைமர் அடித்து, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் மேல் குற்றமில்லை. அவர் சொன்னதைச் செய்தார், நன்றாகவே செய்தார். ஸ்டிக்கர் கூட ஒட்டிக் கொடுத்தார். பெருமையாக ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன்.

அம்மா வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து செயின் கவரைத் தடவினார். "எழுத்து எங்கப்பா?" என்றார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகள் மட்டும் தெரியும். படமாகத் தெரியும். எத்தனை சைக்கிள் நின்றாலும் அதை வைத்து அப்பா வந்துவிட்டார் என்று கண்டுபிடிப்பார். அந்த எழுத்துத்தான் அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ். வாத்தியார் மகன் நான், அதைச் சுரண்டிக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து நிற்கிறேன். திரும்ப எழுதி வாங்கலாம் என்றேன். "வேணாம், அது வேற ஆளு எழுத்து" என்றார். அதன்பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

இப்போது காரைக்கால் சைக்கிளுக்கு வருவோம். தலைக்குழாய்க்குக் கீழே ஒரு சின்னத் தகடு, இரண்டு திருகில் மாட்டியிருந்தது. பச்சைக் களிம்பு ஏறி ஒன்றும் தெரியவில்லை. மைத்துனர் மகன் அதைக் கழற்றிப் போடச் சொன்னான். எங்கள் வீட்டம்மா, குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தார். பித்தளை. தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்தது. ஒரு பிரெஞ்சுக்காரர் பெயர். கீழே தூலோன் என்று துறைமுக ஊரின் பெயர். பெரியப்பாவுக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர். பிரான்சில் சைக்கிளில் உரிமையாளர் பெயர், முகவரித் தகடு இருக்க வேண்டும் என்பது சட்டமாக இருந்தது. சைக்கிளுக்கு அரசாங்க வரியும் இருந்தது. 1893இல் போட்ட வரி, 1950களின் கடைசி வரை நீடித்தது. நம் பஞ்சாயத்து வில்லையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருக்கும் எங்கோ பேரன் பேத்தி இருப்பார்கள். ஆனால் நான் யோசித்தது இதுதான். பெரியப்பா நாற்பது வருஷம் இந்த வண்டியைத் தன் வண்டியாக ஓட்டினார். அந்தத் தகட்டைக் கழற்ற அவருக்கு ஒரு திருப்புளி போதும். கழற்றவில்லை. எங்கள் வீட்டம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தகட்டைக் காட்டி ஒருமுறை கேட்டாராம். "அது அவன் வண்டி பாப்பா. நான் ஓட்டுறேன், அவ்வளவுதான்" என்று சொன்னாராம். அவர் கழற்றாததை நான் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு அனுப்ப மாட்டேன்.

கேரியரில் உள்ள தேய்மானத்தைப் பலர் 'அசிங்கம்' என்று எழுதியிருந்தீர்கள். பாருங்கள், அது சாக்குக் கட்டின கயிறு ஒரே இடத்தில் பல வருஷம் உராய்ந்த பள்ளம். இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. பெரியப்பா இடதுகைக்காரர், முடிச்சை அந்தப் பக்கம் போடுவார். இதைப் பட்டி வைத்து நிரப்பி வழுவழுப்பாக்கினால் வண்டி அழகாகிவிடுமா? யாருடைய வண்டியும் இல்லாததாகிவிடும். கடையில் வாங்கிய மாதிரி ஆகிவிடும் என்கிறீர்கள். கடையில் வாங்கியதுபோல் வேண்டுமென்றால் கடையில் வாங்கலாமே!

பந்தயச் சைக்கிளோ, ராஜா வீட்டு வண்டியோ என்றால் வேறு பேச்சு. இது வேலைக்காரச் சைக்கிள். பிரான்சில் இந்த ஜாதி வண்டிகளுக்குத் தனிப் பெருமை இருந்தது. பாரிஸில் அச்சகத்திலிருந்து கடைகளுக்குப் பத்திரிகைக் கட்டு கொண்டுபோகிறவர்கள் முன்சக்கரத்துக்கு மேலே அகலமான கேரியர் மாட்டி, அதில் கட்டை ஏற்றிப் பறப்பார்கள். அவர்களுக்கென்றே வருஷா வருஷம் ஒரு பந்தயம். கேரியரில் பத்திரிகைச் சுமை இல்லாமல் கலந்துகொள்ள முடியாது. நாம் பின்னால் கட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். சுமை கண் முன்னால் இருந்தால் சரிவதும் நழுவுவதும் தெரியும் அல்லவா? நம் பால்காரர்களும் இளநீர்க்காரர்களும் ஒரு பந்தயம் வைத்தால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

இனி மலை விஷயம். "கவுஞ்சியில சைக்கிள வைச்சு என்ன சார் பண்ணுவீங்க, ஓட்டவா முடியும்?" என்று கேட்டவன் என் மாணவன், இப்போது கேரட்டும் பூண்டும் போடுகிறவன். நியாயமான கேள்வி. நம் ஊரில் இறக்கம் என்றால் தலைகுப்புற, ஏற்றம் என்றால் மூச்சு நிற்கும். இரும்பு ரிம் வேறு. ஈரத்தில் பிரேக் கட்டை வழுக்கும். மூடுபனி நாளில் நான் இறக்கத்தில் ஓட்டுவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் தள்ளுவதும் சைக்கிளின் வேலைதான். பெரியப்பா இந்தோசீனாவில் இருந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஒரே ஒரு தடவை, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு காரைக்கால் போயிருந்தபோது, இந்தச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்களைத் தோக்கடிச்சது பீரங்கி மட்டும் இல்ல மாப்பிள்ளை. எங்க ஊர் சைக்கிளும்தான்." எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். 1954 மார்ச்சிலிருந்து மே வரை தியென் பியென் பூ முற்றுகை. சுற்றிலும் மலையும் காடும். லாரி போக முடியாத பாதையில் வியட்நாம்காரர்கள் ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் அரிசியும் குண்டும் கொண்டுபோனார்கள். அவற்றில் பல பிரான்சிலேயே செய்த பியூஜோ. யாரும் ஏறி ஓட்டவில்லை. சட்டத்தை மூங்கிலும் கம்பியும் வைத்துப் பலப்படுத்தி, ஹேண்டில் பாரில் ஒரு நீளக் கழி, சீட்டு இருக்கும் இடத்தில் ஒரு கழி கட்டி, பக்கத்தில் நடந்தபடி தள்ளினார்கள். ஒரு வண்டியில் இருநூறு கிலோவுக்கு மேல். மனிதன் முதுகில் சுமந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு போகுமா?

இதைச் சொன்னதும் என் கேரட் மாணவன் சிரித்தான். சரி, பார்ப்போம் என்று ஒரு நாள் அவன் காட்டிலிருந்து ரோடு வரை மண்பாதையில் ஒரு மூட்டையைக் கேரியரிலும் ஒரு மூட்டையை நடுவில் பாரிலும் கட்டினோம். மூங்கில் கழியும் கட்டினோம். அவன் ஒரு கையால் கழியைப் பிடித்து, மறு கையால் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளினான். நான் பின்னால் நடந்தேன். முதல் வளைவில் சாய்ந்து கேரட் கொட்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டையைக் கீழே இறக்கிக் கட்டியதும் சரியாக வந்தது. குதிரைக்காரர் மறித்து நின்று பார்த்தார். குதிரைக்குப் போட்டியில்லை என்று அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. படிக்கட்டுப் பாதைக்கும் பாறை வழிக்கும் குதிரைதான். ஆனால் மண்பாதைக்கு, குதிரை கிடைக்காத நாளில், இது உதவும். அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். மூன்றாவது தடவை அவன் பெண்டாட்டி வந்து வாங்கிப் போனது. பூத்தொட்டி வைத்திருந்தால் யார் வந்து கேட்டிருப்பார்கள்?

மலையில் இருப்பவர்கள்தான் சைக்கிளைப் பற்றிச் சரியாக யோசித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்த வண்டி பிறந்த சேந்த் எத்தியேனில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் இருந்தார். இயற்பெயர் பால் த விவி. 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியவர். ஏற்றத்தில் ஒரே பல்சக்கரத்தோடு ஏன் சாக வேண்டும், பல கியர் வையுங்கள் என்று வாழ்நாளெல்லாம் சொன்னார். அங்கே இரோந்தெல் கம்பெனியே ஒரு விசித்திர வண்டி விற்றது. முன்பக்கம் மிதித்தால் சமதளத்துக்கு ஒரு கியர், பின்பக்கம் மிதித்தால் ஏற்றத்துக்கு இன்னொரு கியர்! பின்னால் மிதிக்க மிதிக்க வண்டி முன்னால் ஏறும். பெரியப்பா வண்டி அந்த வகை அல்ல, இதற்கு ஒரே கியர்தான். பந்தயக்காரர்கள் மட்டும் கியர் வைப்பது ஆண்மைக்கு இழுக்கு என்பதுபோல் இருந்தார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937இல்தான் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தார்கள். அதற்கு ஏழு வருஷம் முன்பே வெலோசியோ இறந்துவிட்டார்.

நம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுப்பது பெரிய காரியம். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, சில வருஷத்தில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று ஆனது. எத்தனையோ பெண்பிள்ளைகளின் படிப்பு அந்தச் சக்கரத்தில் ஓடியது. அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தஞ்சாவூரில் கொடுக்கிற அதே ஒற்றைக் கியர் வண்டியை மேல்மலையிலும் கொடுத்தால் அது திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. மலைப் பிள்ளைகளுக்கு இரண்டே இரண்டு கியர் வைத்து, நல்ல பிரேக் போட்டு ஒரு வண்டி கொடுக்க முடியாதா? கல்வித் துறையில் இருக்கும் என் பிள்ளைகள் இதைப் படித்தால் மேலே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

வழக்கம்போல் பாதை மாறிவிட்டேன். சைக்கிளுக்கு வருகிறேன்.

மைத்துனர் மகனுக்கும் அவன் பக்கம் பேசிய மற்றவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தாத்தா சைக்கிள், அப்பத்தா தையல் மிஷின், அம்மாவின் கிரைண்டர் என்று ஏதாவது பரணில் கிடக்கும். எடுங்கள், துடையுங்கள், ஓட வையுங்கள். ஆனால் உப்புத்தாளை எடுக்கும் முன்னால் வீட்டில் வயதானவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எந்தக் கீறல் எதற்கு வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் "இது இருக்கட்டும்" என்று சொல்கிற இடத்தில் கை வைக்காதீர்கள். நான் கேட்கவில்லை. பக்கத்து அறையில்தான் அம்மா இருந்தார், கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவின் ஹெர்குலிஸ் இப்போதும் வத்தலக்குண்டில் தங்கை வீட்டில் இருக்கிறது. பெயிண்ட் இன்னும் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

விடுதிக்காரருக்கு, மரியாதையாக, விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்றார். வாருங்கள், கேரட் இறக்குகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது என்றேன்.

வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறது. பூட்டு கிடையாது. சித்திரை லீவுக்கு வருகிற பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கலாம், தெரு முக்கு வரை மட்டும். அதற்கு அப்பால் இறக்கம். காரைக்கால், பாண்டிச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேலை: பழைய சைக்கிள் கடைகளில் 9 மில்லிமீட்டர் காட்டர் பின் இருந்தால் இரண்டு வாங்கி வையுங்கள். ராவி மாட்டிய பின் இடது பக்கம் இலேசாக ஆடுகிறது. ஒன்பது. ஒன்பதரை வேண்டாம், கடைக்காரர் ஒன்றுதான் என்பார், நம்பாதீர்கள்.